ஒற்றைக் கையை நம்பும் அணிகள்

2022 ஆகஸ்டில் நடந்த புரோ கபடி லீக் ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத் என்ற ஒரே வீரருக்காக ஏறத்தாழ 2 கோடியே 26 இலட்சம் ரூபாய் செலவிட்டது. அதுவரை அத்தொடரில் எந்த வீரருக்கும் அவ்வளவு தொகை கிடைத்ததில்லை. முந்தைய பருவங்களில் அட்டவணையின் அடித்தட்டிலேயே கிடந்த அணி, தன் குறைகள் அனைத்துக்கும் ஒரே மனிதரை விடையாக வாங்கியது. அக்டோபர் 8 அன்று பெங்களூருவில் குஜராத் ஜயன்ட்ஸ் அணிக்கெதிரான முதல் ஆட்டத்தின் முதற்பாதியிலேயே, எதிரணி வீரரைப் பிடிக்கப் பாய்ந்த பவன் முழங்காலில் காயமுற்று வெளியேறினார். அந்தப் பருவம் முழுவதும் அவர் திரும்பவில்லை.

அணியின் கதை அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் எல்லோரும் எழுதினார்கள். அன்றைய ஆட்டம் 31-31 என்று சமனில் முடிந்தது. அதுவரை அதிகம் அறியப்படாத நரேந்தர் என்ற இளைஞர் அன்று தொடங்கி அந்தப் பருவத்தில் 243 ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார். அஜிங்க்ய பவார் அவருக்குத் தோள் கொடுத்தார். சாகரும் சாஹில் குலியாவும் பிடி வரிசையைத் தாங்கினார்கள். இடையில் பயிற்றுநரும் மாறினார். டிசம்பரில் மும்பை வொர்லியில் நடந்த இறுதிச்சுற்றுகளுக்குத் தமிழ் தலைவாஸ் தன் வரலாற்றில் முதன்முறையாகத் தகுதி பெற்றது. வெளியேற்று ஆட்டத்தில் உ.பி. யோதாஸ் அணியைச் சமன்முறிப்பில் வென்று, அரையிறுதியில் புனேரி பல்டனிடம் 37-39 என்று இரண்டே புள்ளிகளில் தோற்றது.

இதை விதியின் விளையாட்டு என்று கடந்து போவது எளிது. ஆனால் இது தனித்த நிகழ்ச்சியன்று. பட்னா பைரேட்ஸ் அணிக்காகப் பர்தீப் நர்வால் ஐந்தாம் பருவத்தில் 369 ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார். அணி தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையை வென்றது. ஏழாம் பருவத்திலும் அவர் 300 புள்ளிகளைத் தாண்டினார். அணியோ முதல் ஆறு இடங்களுக்குள்கூட வரவில்லை. எட்டாம் பருவத்தில் அவர் வேறு அணிக்குச் சென்றார். அவரில்லாத பட்னா, பல ரெய்டர்களுக்குச் சுமையைப் பகிர்ந்தளித்து, புள்ளிப்பட்டியலில் முதலிடம் பெற்று, இறுதியாட்டத்தில் தபாங் தில்லியிடம் 36-37 என்று ஒரே புள்ளியில் தோற்றது. பத்தாம் பருவத்தில் பவன் செராவத் இன்னும் பெருந்தொகைக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் அணிக்குப் போனார். 200-க்கும் மேற்பட்ட ரெய்டுப் புள்ளிகள் எடுத்தார். 22 ஆட்டங்களில் அணி வென்றவை 2. கிடைத்தது கடைசி இடம்.

பவனும் பர்தீப்பும் தங்கள் கடமையில் குறை வைக்கவில்லை. புள்ளிகள் வந்தன; வெற்றிகள் வரவில்லை. ஆகவே வினா வீரரைப் பற்றியதன்று, அவரைச் சுற்றி அணியைக் கட்டிய முறையைப் பற்றியது. கபடிக் களத்தைவிடக் கல்லூரிக் கூடைப்பந்துத் தளத்தில்தான் இந்த வினாவுக்குக் கூர்மை அதிகம். தொழில்முறை அணிக்கு வெற்றி ஒன்றே நோக்கமாக இருக்கலாம். கல்லூரி அணிக்கு வேறொரு கடமையும் உண்டு.

கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்தில் ஒரு வகை அணியை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பந்து நடுக்கோட்டைத் தாண்டியதும் நான்கு பேரின் கண்கள் ஐந்தாமவரைத் தேடும். அவர் கைக்குப் பந்து போய்ச் சேரும்வரை மற்றவர்கள் அஞ்சல்காரர்கள். போய்ச் சேர்ந்த பின் பார்வையாளர்கள். அவர் எறிந்தது கூடையில் விழுந்தால் கைதட்டல், தவறினால் அடுத்த முறையும் அவருக்கே பந்து. பயிற்றுநரின் பலகையில் எத்தனை வட்டங்களும் அம்புக்குறிகளும் இருந்தாலும் அணியின் உண்மையான திட்டம் ஒரே சொல்லில் அடங்கும்: அந்த மாணவரின் பெயர்.

இந்தத் திட்டத்துக்கு ஆதரவான வாதம் வலுவானது. அதை முதலில் நேர்மையாக எடுத்துரைக்க வேண்டும். சிறப்பாக எறிபவரிடம் பந்தைக் கொடுப்பதில் என்ன தவறு? எல்லோரும் சமமாக எறிய வேண்டும் என்பது விளையாட்டன்று, பந்திப் பரிமாறல். பத்துக்கு ஐந்தைக் கூடையில் போடுபவர் இருக்க, பத்துக்கு மூன்றைப் போடுபவருக்கு வாய்ப்பளிப்பது அணிக்குச் செய்யும் துரோகம் ஆகாதா?

இதற்கான விடையைத் தந்தவர் ஓர் இயற்பியல் ஆய்வு மாணவர் என்பது அணுசக்தி நகரைப் போன்ற ஓர் ஊருக்குப் பொருத்தமான செய்தி. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு செய்துகொண்டிருந்த பிரையன் ஸ்கின்னர், கூடைப்பந்துத் தாக்குதலைச் சாலைப் போக்குவரத்தோடு ஒப்பிட்டு 2010-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். டீட்ரிக் பிரெஸ் என்ற ஜெர்மானியக் கணிதவியலாளர் 1968-இல் காட்டிய முரண்தான் அதன் அடிப்படை: எல்லோரும் தத்தமக்கு விரைவான வழியைத் தேர்ந்தெடுத்தால், புதிய சாலை ஒன்றைத் திறப்பதுகூட எல்லோருடைய பயண நேரத்தையும் கூட்டிவிடக்கூடும். சயான்–பன்வெல் நெடுஞ்சாலையில் நாள்தோறும் செல்பவர்களுக்கு இதற்குச் சான்று தேவையில்லை. விரைவான வழி என்று எல்லோரும் நம்பும் வழி, அந்த நம்பிக்கையாலேயே மெதுவான வழியாகிறது.

சிறந்த எறிவீரரும் ஒரு சாலைதான். அவர் குறைவாக எறியும்போது எதிரணிக்கு அவரை எதிர்பார்க்க முடியாது. நல்ல இடம் கிடைத்தபோது மட்டும் எறிவார். அடிக்கடி எறியத் தொடங்கினால் தடுப்பு அவரை நோக்கித் திரும்பும். நல்ல இடங்கள் தீர்ந்துபோய்க் கடினமான இடங்களிலிருந்தும் எறிய நேரும். கால்கள் சோரும். அவருடைய திறன் மாறாத எண்ணன்று. பயன்பாடு கூடக்கூடக் குறையும் எண்.

எளிய கற்பனைக் கணக்கு ஒன்றைப் பார்க்கலாம். ஓர் அணி 100 முறை எறிகிறது. மற்ற நால்வரின் ஓர் எறிவு சராசரியாக 0.9 புள்ளி தருகிறது. சிறந்த வீரரின் எறிவு தொடக்கத்தில் 1.3 புள்ளி தருகிறது. அவருடைய பங்கு 10 எறிவுகள் கூடுந்தோறும் சராசரி 0.05 குறைகிறது. அவர் 40 முறை எறிந்தால் சராசரி 1.1, அவருடைய 44 புள்ளிகளோடு மற்றவர்களின் 54 சேர்ந்து 98. அவர் 60 முறை எறிந்தால் சராசரி 1.0, அவருடையது 60, மற்றவர்களுடையது 36, ஆக 96. 80 முறை எறிந்தால் சராசரி 0.9, அவருடையது 72, மற்றவர்களுடையது 18, ஆக 90.

இதில் கவனிக்க வேண்டியது, 60 எறிவுகள் என்ற நிலையில் புள்ளிவிவரத் தாள் பயிற்றுநருக்குச் சொல்லும் செய்தி. அந்த வீரரின் சராசரி 1.0, மற்றவர்களுடையது 0.9. “இன்னும் அவர்தானே மேல், பந்தை அவருக்கே கொடுங்கள்” என்று சொல்ல முழு நியாயம் இருப்பதாகத் தோன்றும். அணி ஏற்கெனவே 2 புள்ளிகளை இழந்திருப்பது தாளில் தெரியாது. 80-க்குப் போகும்வரை எந்தக் கட்டத்திலும் அவர் மற்றவர்களைவிடத் தாழ்ந்தவராகத் தெரியமாட்டார். அதற்குள் 8 புள்ளிகள் போயிருக்கும். ஒவ்வொரு முறையும் சரியாகத் தோன்றும் முடிவுகளின் கூட்டுத்தொகை தவறாக முடியலாம். சில சூழல்களில் முதன்மை வீரர் இல்லாதபோது அணி மேம்படக்கூடும் என்ற விந்தையையும் ஸ்கின்னரின் கட்டுரை இந்த வழியிலேயே விளக்கியது. 2022-இல் தமிழ் தலைவாஸ் கண்டது அதற்கு நெருங்கிய ஒன்று.

கணக்கோடு நில்லாமல் கல்லூரிக் கூடைப்பந்தின் வரலாற்றையும் பார்க்கலாம். அமெரிக்காவின் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காகப் பீட் மராவிச் 1967 முதல் 1970 வரை மூன்று பருவங்கள் ஆடினார். பயிற்றுநர் அவருடைய தந்தையே. 83 ஆட்டங்களில் 3,667 புள்ளிகள்; ஆட்டத்துக்குச் சராசரி 44.2. மூன்றுபுள்ளிக் கோடு இல்லாத காலத்தில் எடுக்கப்பட்ட இந்தச் சராசரியை இன்றுவரை எவரும் நெருங்கவில்லை. ஆனால் அம்மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட அவருடைய அணி தேசியப் பெருந்தொடருக்குத் தகுதி பெறவில்லை. நடுப்பருவத்தில் அணி 13 ஆட்டங்களை வென்றது, 13-இல் தோற்றது. உலகம் கண்டவற்றுள் மிகப் பெரிய தனிமனிதக் கணக்கு, அணிக்கு அளித்தது பாதிக்குப் பாதி.

அண்மைக் காலத்தில் அயோவா பல்கலைக்கழகத்தின் கெய்ட்லின் கிளார்க் மராவிச்சின் மொத்தத்தையும் கடந்து 3,951 புள்ளிகளில் நின்றார். அவர் தன்னலத்தோடு ஆடியவர் அல்லர். பந்தை வழங்குவதிலும் நாட்டின் முன்னணியில் இருந்தவர். அவரால் அயோவா 2023, 2024 ஆகிய இரு ஆண்டுகளும் இறுதியாட்டம் வரை சென்றது. இரண்டிலும் தோற்றது. 2024 இறுதியில் கிளார்க் 30 புள்ளிகள் எடுத்தும் தென் கரோலினா 87-75 என்று வென்றது. அன்றைய தாளின் முதன்மையான எண் அந்த 30 அன்று. தென் கரோலினாவின் மாற்று வீராங்கனைகள் எடுத்தவை 37 புள்ளிகள். அயோவாவின் மாற்று வீராங்கனைகள் எடுத்தது சுழியம். வென்ற அணியில் அதிகப் புள்ளிகள் எடுத்தவர், தொடக்க ஐவரில் இல்லாத ஒரு முதலாமாண்டு மாணவி. அதற்கு முந்தைய ஆண்டின் தொடக்க ஐவரையும் இழந்த பின் தென் கரோலினா அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஒரு நட்சத்திர வீரர் இருப்பதே குற்றம் என்பதன்று வாதம். டேவிட்சன் என்ற சிறு கல்லூரியின் ஸ்டெஃபன் கரி 2008-இல் தன் அணியைத் தேசியத் தொடரின் கடைசி எட்டு அணிகளுள் ஒன்றாக்கினார். அதே கரியைத் தடுக்க அந்த ஆண்டு நவம்பரில் லயோலா பல்கலைக்கழகத்தின் பயிற்றுநர் ஒரு விசித்திர வழியைக் கையாண்டார்: ஆட்டம் முழுவதும் இரண்டு பேர் கரியை விட்டு விலகக் கூடாது. கரி சினங்கொள்ளவில்லை. தளத்தின் மூலையில் போய் நின்றுகொண்டார். இரண்டு தடுப்பாளர்களும் அவரோடு நின்றார்கள். மீதித் தளத்தில் நால்வருக்கு எதிராக மூவர். அன்று கரி எடுத்த புள்ளிகள் சுழியம். டேவிட்சன் 78-48 என்று வென்றது.

அந்த 30 புள்ளி இடைவெளியை உண்டாக்கியவர் யார் என்று கேட்டால், கரி என்பதும் சரி, மற்ற நால்வர் என்பதும் சரி. இரண்டு விடைகளும் ஒருசேரப் பொருந்துவதே ஒரு நல்ல அணியின் இலக்கணம். மற்ற நால்வரும் எறியப் பழகியிருந்தார்கள், எறிவதற்கு அஞ்சவில்லை, எறியலாம் என்ற உரிமை அவர்களுக்கு இருந்தது. முந்தைய பருவத்தில் நாட்டிலேயே அதிகமாகக் கூடைக்கு வழிவகுத்துக் கொடுத்த ஜேசன் ரிச்சர்ட்ஸ், கரியின் பக்கத்தில் ஆடியவர் என்பதும் தற்செயலன்று. ஒற்றைக் கையை நம்பும் அணியில் இதே தடுப்பு நேர்ந்திருந்தால் நால்வரும் மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

இந்தியக் கல்லூரிகளின் நிலைக்கு இதைப் பொருத்திப் பார்க்கும்போது மூன்று செய்திகள் கூடுதலாக எழுகின்றன.

முதலாவது காலம். இளங்கலை மாணவர் மூன்று அல்லது நான்கு ஆண்டுகளில் போய்விடுவார். இது விபத்தன்று, சேர்க்கை நாளிலேயே எழுதப்பட்ட தேதி. ஒருவரை மட்டுமே நம்பி அமைந்த அணி, தன் சரிவின் நாளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொண்ட அணி. அவர் இருந்த ஆண்டுகளில் எறியாத கைகள் அவர் போன மறுநாள் எறியக் கற்றுக்கொள்ளா. பல கல்லூரிகளின் கோப்பை அலமாரிகளில் இரண்டு மூன்று ஆண்டுகள் நெருக்கமாகவும் அதன்பின் நெடிய வெறுமையாகவும் தெரிவதற்கு இதுவே காரணம். அந்த வெறுமைக்குத் திறமையின்மையைக் காரணம் காட்டுவார்கள். உண்மையில் அது அந்தப் பொற்காலத்தின் விலை.

இரண்டாவது உடல். பன்னாட்டு விதிப்படி ஆட்டம் பத்து நிமிடக் கால்பகுதிகள் நான்கு. ஐந்தாவது தவறு செய்தவர் வெளியேற வேண்டும். ஒருவரை நம்பிய அணியின் பயிற்றுநரால் அவரை ஓய்வுக்கு அழைக்க முடியாது. நான்கு தவறுகள் ஆனபின் அவரால் துணிந்து தடுக்கவும் முடியாது. பல்கலைக்கழகப் போட்டிகளில் அடுத்தடுத்த நாள்களில் ஆட்டங்கள் வரும். வீங்கிய கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு மீண்டும் இறங்கும் அந்த மாணவரை மாவீரர் என்று பாராட்டுகிறோம். அவருக்கு இருபது வயதுதான் என்பதையும், அவருக்கு மாற்றாக ஒருவரை உருவாக்காதது மற்றவர்களின் குற்றம் என்பதையும் அந்தப் பாராட்டு மறைத்துவிடுகிறது. நம்பிக்கை என்ற பெயரில் அவர்மேல் வைக்கப்படுவது, பத்துப் பேர் பகிர்ந்திருக்க வேண்டிய சுமை.

மூன்றாவது கல்வி. முதல் இரண்டையும்விட இதுவே பெரியது. ஓர் அணியில் பன்னிரண்டு பேர் இருக்கிறார்கள் என்றால், கல்லூரி பன்னிரண்டு பேருக்குக் கூடைப்பந்தைக் கற்பிக்கப் பொறுப்பேற்றிருக்கிறது என்று பொருள். எறிவது, தவறுவது, தவறிய பின் மீண்டும் எறிவது, நெருக்கடியில் முடிவெடுப்பது ஆகியவை ஆடித்தான் கற்க வேண்டியவை. இருக்கையிலிருந்து பார்த்துக் கற்க முடியாதவை. ஒருவருக்கு மட்டும் எறியும் உரிமை உள்ள அணி, பதினொரு பேருக்கு மூன்றாண்டுகள் ஒரே பாடத்தைத்தான் நடத்துகிறது: முடிவெடுப்பது உன் வேலையன்று. அந்தப் பாடம் தளத்தோடு நின்றுவிடுவதில்லை.

விளையாட்டைப் பற்றிய இவ்வுரையில் இந்த இடத்தில் ஆய்வகங்கள் நினைவுக்கு வருவது தவிர்க்க இயலாதது. கருவியை இயக்கத் தெரிந்தவர் ஒருவரே, நிரலை எழுதியவர் ஒருவரே, துறையின் பெயரைத் தாங்கும் கட்டுரைகள் அனைத்திலும் முதற்பெயர் ஒருவரே என்ற நிலையில் இயங்கும் குழுக்கள் எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் உண்டு. அந்த ஆண்டின் கணக்கறிக்கையில் அவை ஒளிரும். அந்த ஒருவர் முனைவர் பட்டம் பெற்று வெளியேறும் மாதத்தில் கருவியின் மேல் உறை போர்த்தப்படும். பின்னால் வந்த மாணவர்கள் திறமையற்றவர்கள் என்று நெறியாளர் குறைப்பட்டுக்கொள்வார். அவர்களுக்குப் பந்து தரப்பட்டதா என்ற கேள்வி எழுவதே இல்லை.

இதற்கு நேரெதிரான சான்று அணுசக்தி நகரின் உள்ளேயே இருக்கிறது. ஹோமி பாபாவைப் போல ஒரு துறை முழுவதையும் தன் பெயரோடு பிணைத்துக்கொண்ட மனிதர் இந்திய அறிவியலில் அரிது. 1966 ஜனவரி 24 அன்று மான் பிளாங்க் மலையில் ஏர் இந்தியா விமானம் மோதி அவர் இறந்தார். ஒற்றை மனிதரை நம்பிய அமைப்பாக இருந்திருந்தால் டிராம்பேயின் பணிகள் அந்த வாரத்திலேயே தளர்ந்திருக்கும். அப்படி நேராததற்குக் காரணங்கள் பல; அவற்றுள் தலையாயது 1957-இல் அவர் காலத்திலேயே தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளி. பட்டம் பெற்ற இளைஞர்களை ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்து, பணியிலிருக்கும் அறிவியலாளர்களே பாடம் நடத்தி, ஓராண்டில் அவர்களைப் பொறுப்பேற்கத் தக்கவர்களாக்கும் ஏற்பாடு அது. பாபா இறந்தபோது அப்பள்ளியின் பல அணிகள் ஏற்கெனவே பணியில் இருந்தன. பிற்காலத்தில் அணுசக்தி ஆணையத்தின் தலைவரான அனில் ககோட்கர் அப்பள்ளியில் பயின்று வந்தவர். 1971 டிசம்பரில் விக்ரம் சாராபாயும் திடீரென மறைந்தார். ஆறாண்டுகளுக்குள் இரண்டு தலைவர்களை இழந்தும் அமைப்பு நின்றது.

அணுசக்திக் கொள்கையைப் பற்றி எவருக்கும் எந்தக் கருத்தும் இருக்கலாம். அது வேறு விவாதம். இங்கே கொள்ள வேண்டிய பாடம் நிறுவன அமைப்பு பற்றியது மட்டுமே. மிகப் பெரிய திறமையாளர் தன் திறமையை எப்படிச் செலவிட வேண்டும் என்பதற்குப் பயிற்சிப் பள்ளி ஒரு விடை: தன்னைத் தவிர்க்க முடியாதவராக்கிக்கொள்வதில் அன்று, தவிர்க்கக்கூடியவராக்கிக்கொள்வதில். செம்பூரிலும் மாட்டுங்காவிலும் கல்லூரிகளுக்குச் செல்லும் அணுசக்தி நகர்ப் பிள்ளைகள் தங்கள் அணிகளில் இந்த விடையை எதிர்பார்ப்பது நியாயமே.

நடைமுறையில் என்ன செய்யலாம்? பெரும் பொருட்செலவு எதுவும் வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு பயிற்சி ஆட்டத்திலேனும் முதன்மை வீரர் எறியக் கூடாது, பந்தை வழங்கவும் மறித்து நிற்கவும் மட்டுமே செய்யலாம் என்று விதிக்கலாம். பந்தில்லாமல் நகர்வதை அவரும், பந்தோடு துணிவதை மற்றவர்களும் கற்பார்கள். குழுச் சுற்று ஆட்டங்களில் ஒவ்வொரு கால்பகுதியிலும் இரண்டு நிமிடமேனும் அவருக்குக் கட்டாய ஓய்வு தரலாம். அந்த எட்டு நிமிடங்களின் கணக்கைத் தனியாக எழுதி வைக்கலாம். அணி யாரை வளர்க்க வேண்டும் என்பதை அந்த எட்டு நிமிடத் தாள் சொல்லும். ஆண்டு விழாவில் அதிகப் புள்ளிகள் எடுத்தவருக்குத் தரும் கேடயத்தோடு, அதிகமுறை பிறருக்குக் கூடையமைத்துக் கொடுத்தவருக்கும் அதே அளவு கேடயம் தரலாம். எதைப் பாராட்டுகிறோமோ அதைத்தான் அடுத்த ஆண்டு மாணவர்கள் பயில்வார்கள்.

இவற்றுக்கு ஒரு விலை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. முதல் பருவத்தில் சில ஆட்டங்கள் தோற்கும். புதிய கைகள் தவறும். நிருவாகம் கேள்வி கேட்கும். கோப்பையைக் கணக்குக் காட்ட வேண்டிய உடற்கல்வி இயக்குநருக்கு அது உண்மையான நெருக்கடி. தமிழ் தலைவாஸ் அணிகூட அரையிறுதிக்குப் போன மறுபருவத்தில் முதல் ஆறு இடங்களுக்கு வெளியே தங்கிவிட்டது. நட்சத்திரத்தை நீக்கினால் உடனே வெற்றி வந்துவிடும் என்று எண்ணுபவர்களுக்கு அது போதிய எச்சரிக்கை. பகிர்வும் பயிற்சியால்தான் வரும். காயத்தின் தயவால் ஒரு பருவம் வந்தது மறுபருவம் தானாக நிலைப்பதில்லை.

ஆனால் மறுபக்கத்து விலையையும் எழுதிப் பார்க்க வேண்டும். ஒருவர் தேய்கிறார், பதினொருவர் வளரவில்லை, மூன்றாண்டுக்கொருமுறை அணி அடியிலிருந்து தொடங்குகிறது. கோப்பை வந்த ஆண்டுகளிலும் இந்த விலை கட்டப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ரசீது மட்டும் பின்னால் வருகிறது. ஒரு கல்லூரி அணியின் தரத்தை அதன் சிறந்த வீரர் தளத்தில் இருக்கும்போது அளப்பது போதாது. அவர் இருக்கையில் அமர்ந்திருக்கும் நிமிடங்களில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதையும் சேர்த்து அளக்க வேண்டும். விளையாட்டுத் துறையும் ஆய்வுத் துறைகளும் தம் ஆண்டறிக்கையில் அந்த ஒரு வரியைச் சேர்க்கத் துணிந்தால், பயிற்சி எங்கே நடக்கிறது, பயன்படுத்தல் எங்கே நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும்.